மாலை நாலரை மணிப் பசி: மன உளைச்சலையும் எடையையும் ஒன்றாகக் கவனிக்கும் வேலையிடத் திட்டம்

மாலை நாலரை மணிக்குச் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸிலோ சாங்கி பிசினஸ் பார்க்கிலோ ஏதாவது ஓர் அலுவலகத்தின் பேன்ட்ரிக்குள் போய்ப் பாருங்கள். பிஸ்கட் டப்பா திறந்திருக்கும். த்ரீ-இன்-ஒன் கோப்பிப் பொட்டலங்கள் கிழிந்து கிடக்கும். லண்டனில் அப்போது காலை எட்டரை, ஒன்பதரை. அங்குள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் இங்கே மின்னஞ்சல்கள் கொட்டத் தொடங்கும். பகல் சாப்பாட்டை மேசையிலேயே பத்து நிமிடத்தில் முடித்தவருக்கு அந்த நேரத்தில் எழுவது பாதி வயிற்றுப் பசி, பாதி மனப் பதற்றம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கை டப்பாவுக்குப் போய்விடுகிறது.

நிறுவனங்களோ இதை இரண்டாகப் பிரித்துத்தான் கையாளுகின்றன. ஜனவரியில் மன உளைச்சலைப் பற்றி ஓர் உரை, மார்ச்சில் எடைக் குறைப்புப் போட்டி. இரண்டையும் நடத்துவோர் வெவ்வேறு ஆட்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் நிற்பவர் என்னவோ ஒரே ஆள்தான். எடையையும் உளைச்சலையும் ஒரே திட்டத்தில் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டம் தராசை எடுத்து வைக்கும் முன் வேலை நேர அட்டவணையைக் கையில் எடுக்க வேண்டும். நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

உடலுக்குள் நடப்பது சிக்கலானதல்ல. நெருக்கடி நீடிக்கும்போது கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது, இனிப்பும் கொழுப்பும் கலந்த உணவின்மேல் நாட்டம் வருகிறது, சேரும் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் தங்கப் பார்க்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறி, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்தவரிடம் "மனக் கட்டுப்பாடு வேண்டும்" என்று சொல்வதில் நியாயமே இல்லை. நம் இந்தியச் சமூகத்துக்கு இதில் கூடுதல் அக்கறை தேவை. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது, நீரிழிவும் முன்கூட்டியே வருகிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே இடர் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் இடர் அதிகம் என்று சிங்கப்பூரில் எல்லையை இறக்கி வைத்திருப்பது அதனால்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நல்லது.

வேலையிட நலத் திட்டங்கள் பயன் தருகின்றனவா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. திட்டம் நடந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடினார்கள். ஆனால் 18 மாதம் கழித்து அளந்தபோது எடையிலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்டிராலிலோ மருத்துவச் செலவிலோ விடுப்பு நாள்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000க்கும் அதிகமான ஊழியர்களின் பதில்களை வைத்து 2024இல் வந்த ஆய்வும், நெருக்கடியைத் தாங்கப் பழக்கும் மீள்திறன் வகுப்பு, மனநலச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் மனநலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொன்னது.

மறுபக்கம், 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தையும் பாருங்கள். எடையில் 7 விழுக்காடு குறைப்பு, வாரம் 150 நிமிட உடலியக்கம், இவை இரண்டே இலக்கு. மூன்றாண்டு வாக்கில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார், முதல் ஆறு மாதத்திலேயே 16 அமர்வுகள் நடந்தன. ஒருநாள் கூத்தாக ஒரு கண்காட்சியை நடத்திவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டம் நடந்தது. பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓடவிட்டார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கமான ‘டாஃப்’ என்பதைப் பின்னிருந்து படித்தால் ‘ஃபேட்’ என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. அந்த வயதில் பட்ட கூச்சத்தை மறக்காதவர்கள் இன்று முப்பது, நாற்பது வயதில் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் தராசில் ஏறச் சொன்னால் அவர்களில் பலர் வரமாட்டார்கள். திட்டம் யாருக்குத் தேவையோ அவர்கள்தான் முதலில் விலகிப்போவார்கள்.

அட்டவணையில் தொடங்குங்கள்

எடை போடுவதற்கு முன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மனிதவள அமைச்சின் ‘ஐவொர்க்ஹெல்த்’ என்ற இணையக் கருவி இலவசம். வேலைப் பளு, மேலாளரின் ஆதரவு, வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி என்று உளைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அது பிரித்துக் காட்டும். அதோடு மூன்று எளிய கணக்குகள் போதும். பகல் 12 முதல் 2 மணிக்குள் எத்தனை கூட்டங்கள் போடப்படுகின்றன? இரவு 8 மணிக்குமேல் எத்தனை அழைப்புகள்? வாரத்தில் எத்தனை நாள் மேசையைவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறார்கள்?

விடை கிடைத்ததும் மாற்றம் தொடங்க வேண்டும், அதை மேலாளர்கள் தொடங்க வேண்டும். பகல் 12 முதல் 1.30 வரை கூட்டம் கிடையாது என்று நாள்காட்டியிலேயே பூட்டிவிடுங்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் கோடையில் இங்கே இரவு ஒன்பது, குளிர்காலத்தில் பத்து. அந்த அழைப்புகளை ஒரே ஆளின் தலையில் கட்டாமல் முறைவைத்துப் பிரித்துக் கொடுங்கள், அழைப்பு எடுத்தவர் மறுநாள் ஒரு மணி நேரம் பிந்தி வரட்டும். அழைப்பு முடிந்தபின் பத்தரை மணிக்குச் சோறு சாப்பிட்டுப் படுப்பவருக்கு நெஞ்செரிச்சலும் வரும், தூக்கமும் கெடும். ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு அழைப்பில் உட்காரச் சொல்லுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டிகள், இப்படிக் கேட்பதற்கு ஊழியருக்கு முறையான வழியைத் தந்திருக்கின்றன. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வருபவர்களை (குறிப்பிட்ட சம்பள வரம்புக்குள் இருப்பவர்களை)த் தொடர்ந்து 6 மணி நேரத்துக்குமேல் இடைவேளையின்றி வேலை வாங்கக்கூடாது. நிறுத்த முடியாத வேலை என்று 8 மணி நேரம் வரை போனாலும் குறைந்தது 45 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தாக வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நலத் திட்ட வகுப்பைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதீர்கள். ஓய்வைப் பறித்துக்கொண்டு ஓய்வைப் பற்றிப் பாடம் நடத்துவது எந்த விதத்திலும் சரியில்லை. வேலை நேரத்தில் 45 நிமிடம் ஒதுக்க நிறுவனத்துக்கு மனமில்லையென்றால் திட்டத்தைத் தள்ளிவைப்பதே மேல்.

பன்னிரண்டு வாரம்

ஒரு குழுவுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேர். அதற்குமேல் போனால் கூச்சப்படுபவர் வாயைத் திறக்கமாட்டார். மேலாளரையும் அவரிடம் வேலை பார்ப்பவரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். உணவியல் நிபுணரும் மனநல ஆலோசகரும் மாறி மாறி நடத்தலாம். ஆனால் முதல் அமர்விலும் ஆறாவது அமர்விலும் இருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சேருமுன் வடிகட்ட வேண்டியவை சில உண்டு. இன்சுலினோ சர்க்கரையைத் தாழவைக்கும் மாத்திரையோ எடுப்பவர் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், எனவே மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எடைக் குறைப்பு வேண்டாம். உணவுக் கோளாறைக் கண்டறியும் ‘ஸ்காஃப்’ படிவத்தில் ஐந்தே கேள்விகள். இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே அவரை எடைப் பகுதியிலிருந்து விலக்கித் தனி ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். அடுத்து, பலர் மறந்துபோகும் ஒன்று: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. பலத்த குறட்டை, காலையில் தலைவலி, கூட்டத்தில் கண் சொருகுதல். ‘ஸ்டாப்-பேங்’ என்ற எட்டுக் கேள்விகளில் மூன்றோ அதற்குமேலோ ‘ஆம்’ வந்தால் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். இந்தக் கோளாறு எடையையும் ஏற்றும், எரிச்சலையும் ஏற்றும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கோ பாரந்தூக்கி இயக்குபவருக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

முதல் இரண்டு வாரம் யாரும் எதையும் குறைக்க வேண்டாம், கலோரியும் எண்ண வேண்டாம். கைப்பேசியில் நான்கே தகவல்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: மணி, பசி ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் என்ன நடந்தது. ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘4.40. பசி 3. கறி பஃப் ஒன்று, கோப்பி ஒன்று. வாடிக்கையாளர் விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்பினார்.’ இன்னொன்று: ‘10.50 இரவு. பசி 2. முறுக்கு. அழைப்பு முடிந்தது, தூக்கம் வரவில்லை.’ இரண்டு வாரக் குறிப்பைக் குழுவில் விரித்து வைத்தால் ஆளுக்கு இரண்டு நேரம், இரண்டு காரணம் பளிச்சென்று தெரியும். பசி 5க்குக் கீழே இருக்கும்போது சாப்பிட்டவற்றை மட்டும் வட்டமிடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வேலை அந்த வட்டங்களில்தான்.

வட்டம் விழுந்த நேரத்துக்கு மூச்சுப் பயிற்சி உதவும். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், இதயத் துடிப்பைத் தணிப்பது அதுதான். இதில் நடக்கும் தவறு, நெஞ்சை நிமிர்த்தி ஆழமாக இழுத்து இழுத்து விடுவது. தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுவார்கள். கையை வயிற்றில் வைத்து மெதுவாக, குறைவாக இழுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் பசித்தால் சாப்பிடட்டும், அது உண்மையான பசி. அப்போது கையெட்டும் இடத்தில் அவித்த முட்டையோ சுண்டலோ பழமோ இருக்க வேண்டும். அதை வாங்கி வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

நாலரை மணிப் பசியைத் தணிக்க வேண்டிய இடம் பகல் சாப்பாடுதான். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டு முறை பயன்படுத்த எளிது: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு புரதம், கால் தட்டு முழுத்தானியம். உணவங்காடியில் இதை எப்படிச் சொல்லி வாங்குவது என்று ஒத்திகையே பார்க்க வேண்டும். சோற்றுக்கு வேண்டிய பதார்த்தங்களைக் காட்டி வாங்கும் எக்கனாமிக் ரைஸ் கடையில் சோறு பாதி, இரண்டு காய், ஒரு மீன் அல்லது தௌகுவா (கெட்டி டோஃபு), மேலே குழம்பு ஊற்ற வேண்டாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இரண்டாவது முறை சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பொரியலையும் பருப்பையும் இன்னொரு கரண்டி கேட்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சாப்பிட்டதும் கூரை போட்ட நடைபாதையில் பத்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணியும். வெயிலும் மழையும் பார்க்க வேண்டியதில்லை.

கோப்பிக் கணக்கு தனி. ஒரு மேசைக்கரண்டிக் கெட்டிப்பாலில் ஏறத்தாழ 11 கிராம் சர்க்கரை, 65 கலோரி. கோப்பையில் இரண்டு கரண்டி விழுந்தால் 130. நாளைக்கு மூன்று கோப்பை என்றால் ஏறத்தாழ ஒரு வேளை உணவு. ‘கோப்பி ஓ கொசொங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாதது) என்று ஒரேயடியாகத் தாவச் சொன்னால் நான்காம் நாள் பழைய கோப்பிக்கே திரும்பிவிடுவார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு வாரம் ‘சியூ தாய்’ (இனிப்புக் குறைவு), அடுத்து ‘கோப்பி சி சியூ தாய்’ (கெட்டிப்பாலுக்குப் பதில் ஆவியாக்கிய பால்), பிறகு ‘கோப்பி சி கொசொங்’ (சர்க்கரையே இல்லாமல்) என்று படிப்படியாக இறங்கினால் நாக்கு பழகிக்கொள்ளும். அலுவலகத்தின் பான இயந்திரத்தில், பானங்களைச் சர்க்கரை, கொழுப்பு அளவுப்படி தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரையில் ‘ஏ’, ‘பி’ மட்டும் போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். ‘டி’ என்றால் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல், அல்லது நிறைவுற்ற கொழுப்பு அதிகம்.

நாளைக்கு 300 கலோரி குறைத்தால் போதும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி என்று கொண்டால் மூன்றாம் வாரத்திலிருந்து குறைக்கும் பத்து வாரத்தில் கணக்குப்படி ஏறத்தாழ 2.7 கிலோ. நடைமுறையில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். வேகமாகக் குறைக்க ஆசைப்பட்டு 800, 1,000 என்று வெட்டினால் உளைச்சலில் இருப்பவருக்குத் தூக்கம் போகும், எரிச்சல் கூடும், ஆறாவது வாரத்தில் எல்லாம் திரும்பிவரும். யார் அதிகக் கிலோ குறைக்கிறாரோ அவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் போட்டிகளை நான் முழுமூச்சாக எதிர்ப்பதும் இதற்காகத்தான். எடை பார்க்கும் நாளுக்கு முன் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அங்கே வாடிக்கை. பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அமர்வுக்கு வந்ததற்கும், மேசையைவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்ட நாள்களுக்கும் கொடுங்கள்.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2026இல் சீனப் புத்தாண்டும் நோன்பு மாதமும் பிப்ரவரி நடுவில் சேர்ந்தே வருகின்றன. ஒரு பக்கம் அன்னாசி டார்ட், மறுபக்கம் நோன்பிருக்கும் சக ஊழியர். அந்த நேரத்தில் நடைப் போட்டி வைப்பது இருவருக்கும் அநியாயம். தீபாவளி நவம்பர் 8. ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்தால் பன்னிரண்டு வாரம் தடையில்லாமல் ஓடும். பிறந்தநாள் கேக்கை நிறுத்தச் சொல்லவில்லை, மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வெட்டலாம். "ஒரு துண்டுதானே, எடுத்துக்குங்க அக்கா" என்று தட்டை நீட்டுவது அன்பால்தான். வேண்டாமென்று ஒருமுறை சொன்னால் மறுபடி நீட்டுவதில்லை என்ற வழக்கத்தைப் பிரிவுத் தலைவர் முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

துவாஸிலும் ஜூரோங் தீவிலும் வேலை பார்க்கும் நம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்தத் திட்டத்தை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கச் சாரத்தில் ஏறி இறங்குபவருக்கு நடைப் போட்டி எதற்கு? பல தங்குவிடுதிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் விடிகாலையிலேயே வந்துவிடும். பகலில் பிரிக்கும்போது சோறு மலைபோல், குழம்பு கொஞ்சம், காய் பேருக்கு. உணவு ஒப்பந்தக்காரரிடம் சோற்றைக் கால் பங்கு குறைத்து முட்டை, பருப்பு, காய் கூட்டச் சொல்வதும், பகல் உணவைத் தனியாகப் பத்தரை, பதினொரு மணிக்குக் கொண்டுவரச் சொல்வதும் நூறு வகுப்புகளுக்குச் சமம். உளைச்சலின் வேர், வேலைக்கு வர ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கான கடனிலும் ஊரில் இருக்கும் பிள்ளையின் படிப்புச் செலவிலும் இருக்கும்போது மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்றுக்கொடுப்பது போதாது. சம்பளக் கணக்கைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இரவுப்பணிக்கு வேறு விதி. பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடித்துவிட வேண்டும். நள்ளிரவு ஒரு மணி வாக்கில் சூப்போ முட்டையோ தயிரோ சிறிதளவு, அதன்பின் விடியும்வரை தண்ணீர். தூங்கப் போவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே கோப்பியை நிறுத்த வேண்டும். விடுதியில் இரவுப்பணிக்காரர்களை ஒரே அறையில் போட்டு, சன்னலுக்குக் கறுப்புத் திரை கொடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

எதை அளப்பது, யார் பார்ப்பது

தொடக்கத்தில், 12ஆம் வாரத்தில், 26ஆம் வாரத்தில், ஓராண்டில் அளந்து பாருங்கள். இடுப்பை அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, இயல்பாக மூச்சை விட்டதும் பாருங்கள். பேன்ட் பட்டை இருக்கும் இடத்தில் அளந்தால் தொப்பை உள்ள ஆண்களுக்குக் கணக்குத் தப்பும். உளைச்சலுக்கு ‘பிஎஸ்எஸ்-10’ படிவம் போதும், பத்துக் கேள்வி, 0 முதல் 40 வரை. அதோடு தூக்க நேரம். எடையை அவரவர் வீட்டில் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். நம் சாப்பாட்டு உப்புக்கு ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம்.

இந்த எண்கள் மனிதவளப் பிரிவுக்குப் போகக்கூடாது. திட்டத்தை நடத்துபவரிடமே இருக்கட்டும், நிறுவனத்துக்கு மொத்தச் சராசரி மட்டும். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுக்குச் சராசரியும் வேண்டாம், யாருடையது என்று ஊகித்துவிடுவார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. அந்த ஒப்புதல் படிவம் தமிழிலும் இருந்தால் நல்லது. மனம் உடைந்து பேசுபவர் குழுவில் இருந்தால் அமர்வு முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆலோசகர் தனியாக அழைத்துப் பேசட்டும், 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணைக் கைப்பேசியில் அங்கேயே பதியவைக்கட்டும்.

பன்னிரண்டாம் வாரத்தோடு சான்றிதழ் கொடுத்துக் கலைந்தால் போன எடை திரும்பிவரும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் அதே குழு கூடட்டும், ஓராண்டு வரை. வாரச் சராசரி இரண்டு கிலோ ஏறினால் உணவைக் குறைக்கத் தொடங்குமுன் அந்த நான்கு தகவல் குறிப்பை இரண்டு வாரம் மறுபடி எழுதட்டும். பெரும்பாலும் புதிதாக ஒரு நேரத்தில் வட்டம் விழுந்திருக்கும். வேலை மாறியிருக்கும், அல்லது மேலாளர் மாறியிருப்பார். நவம்பர் மாதக் கூட்டத்தைத் தீபாவளிக்கு அடுத்த வாரத்தில் வையுங்கள், வீட்டிலிருந்து வந்த பலகார டப்பாக்கள் அப்போதும் பேன்ட்ரியில் இருக்கும்.